சபைக்காகக் கட்டிட, காணி வழக்குப் பேசுவது: 28ஏ அறிவித்தலில் இருந்து 6 பேர்ச்சஸ் வரை

எழுவான்கரை எழுதியது:

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து உள்ளூராட்சி சபைகளின் சட்டத்தரணிப் பட்டியலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்று ஓரிடத்தில் எதுவும் எழுதிக் கிடைப்பதில்லை. உறுதி முடிக்கத் தெரியும், மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவிடல் வழக்கும் பேசத் தெரியும். ஆனால் அனுமதியில்லாக் கட்டிடக் கோப்பு ஒன்றைச் செயலாளர் கையில் தந்தால் எங்கே தொடங்குவது? எந்தச் சட்டத்தில் போவது, யார் பெயரில் மனுப் போடுவது, எங்கே வழுக்கும்? பழக்கப்பட்டவர்கள் எழுதுங்கோ. சின்னத் துண்டுக் காணிப் பிரச்சினையையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

கோட்டமுனை எழுதியது:

முதலில் காணி எந்த வர்த்தமானிக்குள் கிடக்கிறது என்று பாருங்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் திட்டமிடல் ஏற்பாடுகள், 3ஆம் பிரிவின் கீழ் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட எல்லைக்குள்தான் செல்லும். சபையின் எல்லையும் அந்த எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பிரதேச சபைகளில் சில கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உள்ளேயும் மற்றவை வெளியேயும் கிடக்கலாம். "இது எல்லாம் யூ.டீ.ஏ. (நகர அபிவிருத்தி அதிகார சபை) ஏரியாதான் சேர்" என்று கந்தோரில் சொல்வதை நம்பி மனு எழுதாதீர்கள். வர்த்தமானிப் பிரதியை வாங்கி எல்லை விபரத்தை வாசித்து, காணியை அதற்குள் வைத்துப் பாருங்கள்.

உள்ளே என்றால் 8ஜே பிரிவு. அரச நிறுவனமானாலும் தனியாள் ஆனாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்ய முடியாது. காணியைத் துண்டு போடுவதும் அபிவிருத்தி வேலைதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியே என்றால் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். பிரதேச சபை என்றால் அந்தப் பகுதிக்கு அது ஏற்புடையதாக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு வழியும் நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போகும், ஆனால் குணம் வேறு. கட்டளைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு குற்ற வழக்கு. குற்றப்பத்திரிகை, நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபணம், தீர்ப்பு, அதன் பிறகுதான் இடிக்கச் சொல்லும் கட்டாயக் கட்டளை. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28ஏ பிரிவு அப்படியல்ல. கட்டுகிறவருக்கு முதலில் அறிவித்தல் கொடுத்து, அவர் கேட்காவிட்டால் மனுவும் சத்தியக் கடதாசியும் போட்டு இடிக்க அதிகாரம் கேட்கிற வழி. ஒன்றின் வாசகத்தை எடுத்து மற்றதன் மனுவில் ஒட்டினால் முதல் தவணையிலேயே ஆட்சேபம் வரும்.

எதிர்மனு எழுதியது:

கட்டிடக்காரர் பக்கம் நிற்கிறவர்கள் என்ன தேடுவார்கள் என்று சொல்கிறேன், சபைப் பக்கத்தார் அதற்கேற்ப ஓட்டையை அடைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டை அதிகாரக் கையளிப்பு. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 23(5) பிரிவின்படி அதிகார சபை தன் திட்டமிடல் அதிகாரத்தைக் கையளிப்பது உள்ளூராட்சி சபையின் உத்தியோகத்தர் ஒருவருக்கு. சபைக்கே அல்ல. ஆகவே "இன்ன பிரதேச சபை, மனுதாரர்" என்று தலைப்புப் போட்டு வந்தால் அங்கேயே ஒரு பிடி கிடைக்கும். கையளிப்புக் கடிதத்தில் எந்தப் பதவி எழுதியிருக்கிறதோ அந்தப் பதவியில் இருப்பவர்தான் அறிவித்தலில் ஒப்பமிட வேண்டும், மனுவிலும் அவரே வர வேண்டும். தவிசாளர் இல்லாத காலத்தில் செயலாளர் ஒப்பமிட்டார் என்றால், அந்தக் காலத்தில் அவருக்கு எந்தக் கடிதத்தின்படி அதிகாரம் வந்தது? கடிதம் கோப்பில் இல்லாவிட்டால் மனு நொண்டும்.

இரண்டாவது, அறிவித்தல் யாருக்கு. சட்டம் சொல்வது வேலையைச் செய்கிறவர், செய்து முடித்தவர் அல்லது செய்விப்பவர். மூன்றாவது, நாள். அறிவித்தலின் திகதியில் இருந்து 7 நாளுக்குக் குறையக் கூடாது. நாலாவது, அறிவித்தலில் கேட்டது ஒன்று, மனுவில் கேட்டது இன்னொன்று. "வேலையை நிறுத்து" என்று மட்டும் அறிவித்தல் கொடுத்துவிட்டு, மனுவில் "முழுக் கட்டிடத்தையும் இடிக்க அதிகாரம் தாருங்கள்" என்று கேட்கிற சபைகள் உண்டு. அறிவித்தலில் எதைச் செய்யச் சொன்னீர்களோ அதைத்தான் நீதவான் செய்விக்க முடியும்.

படுவான்கரை எழுதியது:

தொழில்நுட்ப உத்தியோகத்தர் பக்கத்தில இருந்து ஒரு கதை. சட்டத்தரணிமார் கோப்பு நொண்டுது எண்டு எங்களைத்தான் பேசுவாங்க. ஆனா கோப்புக்கு என்ன வேணும் எண்டு முதலே சொல்றது குறைவு.

கள அறிக்கையில கட்டாயம் இருக்க வேண்டியது: போன திகதி, நேரம், கூடப் போன ஆள், கட்டிடம் அண்டைக்கு எந்த மட்டத்தில நிண்டது. "வேலை நடக்குது" எண்டு எழுதிறதால பிரயோசனம் இல்ல. "டீ.பீ.சீ. மட்டம் (அத்திவாரத்துக்கு மேல போடுற ஈரந்தடுப்புப் படை) முடிஞ்சு, தெற்குச் சுவர் 4 அடி, கொங்கிறீற் தூண் 6, வேலையாள் 3 பேர்" எண்டு எழுதினா, இரண்டு கிழமைக்குப் பிறகு "இது அறிவித்தலுக்கு முதலே முடிஞ்ச வீடு" எண்டு சொல்ல ஏலாது. படம் எடுக்கக்குள்ள ஒரு நிலையான பொருளும் விழ வேணும்: மின்கம்பம், மதகு, பக்கத்து வீட்டு கேற். அளவு நாடாவை எல்லைக்கும் சுவருக்கும் இடையில பிடிச்சு, இலக்கம் தெரிய ஒரு படம். கைப்பட வரைஞ்ச பருமட்டான படத்தில நாலு பக்கமும் திறந்தவெளி எத்தனை மீற்றர் எண்டு போட வேணும்.

மற்றது, அனுமதி எடுத்து விலகிக் கட்டினதும் அனுமதியே இல்லாமக் கட்டினதும் இரண்டு விஷயம். விலகல் எண்டா அனுமதிச்ச வரைபடத்தின்ர பிரதியில சிவப்புப் பேனையால வித்தியாசத்தைக் குறிச்சுத் தாங்க. நீதவானுக்கு ஒரு பார்வையில விளங்கும்.

கோட்டமுனை எழுதியது:

படுவான்கரை சொன்ன சிவப்புப் பேனை வித்தை உண்மையில் வேலை செய்யும். பத்துப் பக்கச் சத்தியக் கடதாசியை விட அந்த ஒரு தாள் பெறுமதி.

7 நாள் பற்றி. சட்டம் எண்ணுவது அறிவித்தலின் திகதியில் இருந்து. ஆனால் பதிவுத் தபாலில் அனுப்பினால், பெறுகிறவர் கைக்குப் போக நாலு நாள் பிடித்தால், மூன்று நாள்தான் தந்தார்கள் என்று முறையிடுவார். 14 நாள் கொடுத்துவிடுங்கள், ஒன்றும் குறையாது. தபால் பற்றுச்சீட்டு, நேரில் கொடுத்தவரின் குறிப்பு, ஒட்டியிருந்தால் ஒட்டிய படம், மூன்றும் கோப்பில். அவகாசம் நீடித்துக் கேட்டு விண்ணப்பித்திருந்தால் அதற்கு எழுத்தில் பதில் கொடுத்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் "சரி, தீபாவளி கழிய இடிங்கோ" என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவே எதிர்ப்பக்கத்தின் முதல் ஆவணமாகும்.

மனு போட்டபின் நீதவான் அறிவித்தல் அனுப்பி, திருப்திப்பட்டால் கட்டளை தருவார். எதிராளி தானே இடிக்கிறேன் அல்லது திருத்துகிறேன் என்று பொறுப்பெடுத்தால் கட்டளையின் நடைமுறையை 2 மாதத்துக்கு மேற்படாமல் பிற்போடலாம். அந்தப் பொறுப்பேற்பை அப்படியே பதிவில் எழுதுவியுங்கள்: எந்தச் சுவர், எத்தனை மீற்றர், எந்தத் திகதிக்கு முன். "சட்டவிரோதப் பகுதியை அகற்றுவேன்" என்று பொதுவாக எழுதினால், எது சட்டவிரோதப் பகுதி என்று இன்னொரு வழக்குப் பேச வேண்டி வரும்.

எழுவான்கரை எழுதியது:

ஒரு சந்தேகம். எங்கட பக்கம் வளவு மகள் பெயரில், சீதன உறுதி. கட்டுவது தகப்பன். மகள் கட்டாரிலோ கொழும்பிலோ. அறிவித்தல் யாருக்கு?

எதிர்மனு எழுதியது:

இரண்டு பேருக்கும். தகப்பன் செய்கிறவர், மகள் செய்விப்பவர். மகளுக்கு மட்டும் கொடுத்தால் "நான் நாட்டிலேயே இல்லை" என்பார். தகப்பனுக்கு மட்டும் கொடுத்தால் "என் காணி இல்லை, இடிக்க எனக்கு என்ன உரித்து" என்பார். ஒரே இலக்கத்தில், ஒரே திகதியில், தனித்தனிப் பெயரில் இரண்டு அறிவித்தல். சீவிய உரித்தை வைத்துக்கொண்டு நன்கொடை எழுதியிருந்தால் உரித்து வைத்திருப்பவரும் சேரும். ஆதலால் அறிவித்தல் அச்சடிக்க முதலே காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியின் உரிமைப் பதிவு) பார்த்துவிடுங்கள். சோலைவரிப் பதிவேட்டில் இருக்கும் பெயர் பெரும்பாலும் செத்துப்போன பாட்டனாருடையது.

சோலைவரி என்றதும் இன்னொன்று. வரி கட்டினேன், கரண்ட் எடுத்தேன், தண்ணீர் எடுத்தேன், ஆகவே கட்டிடம் அங்கீகரிக்கப்பட்டது என்ற வாதம் எல்லா வழக்கிலும் வரும். வரி இலக்கம் அனுமதி ஆகாது. இதை நான் எதிர்ப்பக்கத்தில் நின்றே சொல்கிறேன், அந்த வாதத்தை நம்பி வராதீர்கள்.

கோட்டமுனை எழுதியது:

"கவரிங் அப்ரூவல்" என்று ஒன்றைக் கேட்டு வருகிறவர்களுக்கும் அதே பதில்தான். கட்டி முடித்ததை அனுமதிக்கக் கட்டணம் வாங்கலாம், ஆனால் கட்டிடம் ஒழுங்குவிதிக்குள் அடங்கினால் மட்டும். பின்புறத் திறந்தவெளி இல்லாமல் எல்லைச் சுவரோடு ஒட்டிக் கட்டியதைப் பணம் கட்டி ஒழுங்காக்க முடியாது. சபை பணத்தை வாங்கிப் பற்றுச்சீட்டும் கொடுத்துவிட்டால் பிறகு இடிக்கக் கேட்பது கஷ்டம். வழக்கு மனதில் இருந்தால் காசாளரிடம் முதலே சொல்லி வையுங்கள்.

மருதமுனை வரைஞர் எழுதியது:

சின்னத் துண்டுக்கு வருவம். காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் வாப்பாவின் வளவில் மூன்று பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் வீடு கட்டிக் கொடுக்க வேணும். வரைஞரிடம் வரும்போது உறுதி எழுதி முடிஞ்சிருக்கும், துண்டு 4 பேர்ச்சஸ். நாங்க என்ன வரையிறது? 1986 ஒழுங்குவிதியில் இருந்தே குறைஞ்ச அளவு 150 சதுர மீற்றர், அகலம் 6 மீற்றர். இப்ப 2021 யூலை 8ஆம் திகதி 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதியைத்தான் பார்க்க வேணும். அந்தப் பிரதேசத்துக்கு என்று தனி அபிவிருத்தித் திட்டம் இருந்தால் அது சொல்ற அளவு.

பேர்ச்சஸ்கணக்கு எழுதியது:

நில அளவைப் பக்கக் கணக்கு ஒன்று. 1 பேர்ச்சஸ் 25.29 சதுர மீற்றர். ஆகவே 150 சதுர மீற்றர் என்பது 5.93 பேர்ச்சஸ், பேச்சில் 6.

18.5 பேர்ச்சஸ் வளவு, வீதி முகப்பு 13 மீற்றர், ஆழம் 36 மீற்றர் என்று வைப்போம். 468 சதுர மீற்றர். "பதினெட்டரையை மூன்றால் பிரித்தால் ஆறு ஆறாக வருமே" என்று குடும்பத்தில் பேசி முடித்திருப்பார்கள். ஒழுங்கையைக் கணக்கில் எடுக்கவில்லை. பின்துண்டுகளுக்குப் போக 3 மீற்றர் ஒழுங்கை விட்டால், ஒவ்வொன்றும் 12 மீற்றர் ஆழம் என்றால், முன் துண்டு 10க்கு 12, அதாவது 120 சதுர மீற்றர். நடுத்துண்டும் 120. கடைசித் துண்டு மட்டும் 13க்கு 12, 156. ஒழுங்கை 72. மூன்றில் இரண்டு துண்டு 4.75 பேர்ச்சஸில் நிற்கிறது. ஒழுங்கையில் உள்ள பங்கைத் துண்டின் அளவோடு கூட்டிக் காட்ட முடியாது.

இரண்டாகப் பிரித்தால் முன் துண்டு 10க்கு 18, 180 சதுர மீற்றர். பின் துண்டு 13க்கு 18, 234. ஒழுங்கை 54. தாராளம். ஆகவே அந்த வளவு இரண்டு துண்டுக்குத்தான் தாங்கும். இதை உறுதி எழுத முதல் நொத்தாரிசு ஒரு தாளில் போட்டுக் காட்டினால் பத்து வருடத் தலையிடி மிச்சம்.

மருதமுனை வரைஞர் எழுதியது:

கணக்கு சரி. ஆனா மூன்றாவது மகளுக்கு என்ன வழி எண்டும் சொல்லுங்க நானா.

எதிர்மனு எழுதியது:

மேலே போவதுதான் வழி. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாடியையும் தனி அலகாகக் காட்டி, கூட்டாதனப் (கொண்டோமினியம்) படம் வரைந்து, காணிப் பதிவகத்தில் பதிந்தால் கீழ்வீடு ஒரு மகளுக்கும் மேல்வீடு இன்னொரு மகளுக்கும் தனித்தனி உறுதியாகும். நிலம் துண்டாடப்படுவதில்லை. ஆனால் கட்டிடத்துக்கு அனுமதியும், அனுமதித்தபடி கட்டியது என்ற இணக்கச் சான்றிதழும் இருக்க வேண்டும், படியும் தண்ணீர்த் தாங்கியும் மலசலகூடக் குழியும் யாருடையது என்று பொதுப்பாகத்தில் தெளிவாக வர வேண்டும். அத்திவாரம் ஒரு மாடிக்குப் போட்டுவிட்டு மூன்று மாடிக்குக் கூட்டாதனம் கேட்டால் எந்தப் பொறியியலாளரும் ஒப்பமிட மாட்டார். செலவும் கூட.

பிரிவிடப்படாத பங்காக எழுதுவது மலிவான வழி. உரித்து மாறும். ஆனால் வங்கிக் கடன் எடுக்கும்போதும் தனி வரைபடம் சமர்ப்பிக்கும்போதும் மற்றப் பங்காளிகளின் சம்மதம் தேவைப்படும். மருமகன்மார் ஒற்றுமையாய் இருக்கும் வரை நல்லது!

கோட்டமுனை எழுதியது:

சபைப் பக்கம் இதில் விடும் பிழை: உறுதி பதிவாகியிருக்கிறது என்பதற்காகத் துண்டை ஏற்றுக்கொண்டு வரி இலக்கம் பிரித்துக் கொடுத்துவிடுவது. உறுதி பதிவானதால் உபபிரிவு (காணியைத் துண்டாடும்) அனுமதி கிடைத்ததாக ஆகாது. அதுபோலப் "பழைய துண்டு" என்று சொல்பவர் அந்தத் துண்டு எந்த ஆண்டு, எந்தப் படத்தில் பிறந்தது என்று காட்ட வேண்டும்.

பெரிய காணியைத் துண்டு போட்டு விற்கிறவர்களிடம் வேறு கவனம். 1986 ஒழுங்குவிதியிலேயே காணி 1 ஹெக்டயருக்கு மேற்பட்டால் வீதி நீங்கலாக 10 சதவீதத்துக்குக் குறையாமல் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டும் என்று உண்டு. படத்தில் அழகாகப் பச்சை அடித்து "பூங்கா" என்று எழுதித் தருவார்கள், சபை அனுமதிப்படத்தில் முத்திரை குத்தும், அத்தோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஏழெட்டு வருடம் கழித்து அந்தத் துண்டு இன்னொருவர் பெயரில் மதில் கட்டி நிற்கும். அவரிடம் நொத்தாரிசு உறுதி இருக்கும், சபையிடம் முத்திரை குத்திய படம் மட்டும் இருக்கும். கடைசி அனுமதியைக் கொடுக்க முதல் அந்தத் துண்டும் வீதித் துண்டுகளும் சபைக்கு நன்கொடை உறுதியாக எழுதப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதிவாகி, பதிவுப் பிரதி கோப்புக்கு வந்திருக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் சட்டத்தரணி தன் கையில் எடுத்துச் செய்ய வேண்டும், எழுதுவினைஞர் மேசையில் விட்டால் நடக்காது.

எழுவான்கரை எழுதியது:

அரச காணியில் கட்டினால்? அனுமதிப்பத்திரக் காணிக்கு வரைபடம் போட்டு வருகிறார்கள். அதோடு களப்போரத்தில் அடைத்துக் கட்டியிருப்பவர்களும் உண்டு.

கோட்டமுனை எழுதியது:

இரண்டும் வேறு வேறு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பெர்மிட், உறுதி ஆகாது. பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வரைபடத்தை ஏற்காதீர்கள். பெர்மிட்காரர் இறந்திருந்தால் பின்னுரித்தாளி பதிவாகியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

அடைத்துக் கட்டியவர் என்றால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டம். தகுதிவாய்ந்த அதிகாரியின் வெளியேறும் அறிவித்தல், வழங்கிய அல்லது ஒட்டிய திகதியில் இருந்து 30 நாளுக்குக் குறையாத தவணை, பிறகு நீதவானிடம் விண்ணப்பம். அங்கே எதிராளி காட்டக்கூடியது ஒன்றுதான்: சட்டப்படி தரப்பட்ட, செல்லுபடியாகும் பெர்மிட் அல்லது அரசின் வேறு எழுத்து அதிகாரம். இருபது வருடம் இருந்தேன், தென்னை வைத்தேன் என்பதெல்லாம் எடுபடாது. அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது. 28ஏயில் நீதவான் "திருப்திப்பட வேண்டும்", ஆதலால் கேட்க இடம் கூட. இதில் மிகக் குறைவு. ஆனாலும் இது சபையின் ஆயுதம் இல்லை. பிரதேச செயலகம் எடுக்க வேண்டிய வழக்கு, சபைத் தலைப்பில் போடாதீர்கள்.

பேர்ச்சஸ்கணக்கு எழுதியது:

களப்பு என்றால் கரையோரச் சட்டத்தையும் பார்க்க வேணும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம் சராசரி உயர்நீர் மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டில் இருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர். கடலோடு தொடுக்கும் களப்புக்கு வாய்முகத்தில் இருந்து உள்ளே 2 கிலோமீற்றர்; 2011 திருத்தத்தோடு களப்பு நீரும் அதன் விளிம்போரம் 100 மீற்றரும் சேர்ந்துவிட்டது. மட்டக்களப்புக் களப்புக்குப் பாலமீன்மடு முகத்துவாரம் ஒன்று, தெற்கே கல்லாறு ஒன்று, இரண்டு வாயில் இருந்தும் அளக்க வேணும். கல்லாற்றுப் பக்கத்தை மறந்துவிட்டுப் படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலயத்துக்குள் சபையின் அனுமதியோடு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை, ஒன்று மற்றதுக்குப் பதிலாகாது.

நாவலடி, கல்லடிப் பக்கம் இன்னும் "200 மீற்றருக்குள் கட்டக்கூடாது" என்று கதை உலாவுகிறது. அது 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்குக்கு என்று சொன்ன இடைவலய அளவு, பிறகு தளர்த்தப்பட்டது. இப்போது கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் அந்தக் கரைத் துண்டுக்கு என்ன பின்வாங்கல் அளவு (கரையில் இருந்து விலகிக் கட்ட வேண்டிய தூரம்) போட்டிருக்கிறதோ அதுதான். பழைய 200ஐ அறிவித்தலில் எழுதினால் நீங்களே உங்கள் மனுவை வெட்டிக்கொள்கிறீர்கள்.

படுவான்கரை எழுதியது:

வயலை மறந்திட்டீங்களே. சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு, இங்கால சத்துருக்கொண்டான் பக்கம் கிரவல் கொட்டி நிரப்பிப்போட்டுத்தான் வரைபடம் கொண்டு வாறாங்க. உறுதியில "மேட்டுக்காணி" எண்டு இருக்கும். கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயக் காணிப் பதிவேட்டுப் பிரதியை எடுங்க, அதில நெற்காணி எண்டு இருக்கும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின்ர எழுத்து அனுமதி இல்லாம நிரப்பவோ கட்டவோ ஏலாது. சபை வரைபடத்தை அனுமதிச்சாலும் அந்தக் குறை தீராது.

களம் பார்க்கிற காலமும் முக்கியம். புரட்டாதிக்குள்ள மட்டம் பார்த்து, பக்கத்து வயல் மட்டத்துக்கும் நிரப்பினதுக்கும் வித்தியாசம் எத்தனை அடி, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடினது எண்டு எழுதி வைங்க. மார்கழியில போனா எல்லாம் ஒரே தண்ணி, எது வாய்க்கால் எது வளவு எண்டே தெரியாது.

எழுவான்கரை எழுதியது:

நன்றி அண்ண. வீதி ஓர அத்துமீறல் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

பேர்ச்சஸ்கணக்கு எழுதியது:

வீதிக்கோடு ஒன்று, கட்டிடக்கோடு ஒன்று. முதலாவது நாளைக்கு வீதி அகலும்போது எடுக்கப்படும் எல்லை, இரண்டாவது அதற்கும் உள்ளே, கட்டிடம் நிற்க வேண்டிய எல்லை. இரண்டையும் ஒன்று என்று நினைத்து மதிலை வீதிக்கோட்டிலும் வீட்டை மதிலோடும் கட்டிவிடுகிறார்கள்.

அளவு மையக்கோட்டில் இருந்து வரும். மேசன் அளப்பது தார் விளிம்பில் இருந்து, சில பேர் வடிகான் சுவரில் இருந்து. ஏ4 போன்ற வீதிகளில் அகலிக்கும்போது ஒரு பக்கம் கூடவும் மற்றப் பக்கம் குறையவும் தார் போட்டிருந்தால், கண்ணுக்குத் தெரிகிற நடுவும் படத்தில் உள்ள நடுவும் ஒன்றாக இராது. வெள்ளைக் கோட்டை வைத்து அளந்து 28ஏ போட்டுவிட்டால் குறுக்கு விசாரணையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் திணறுவார். ஆகவே ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் மையக்கோட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சபை ஒழுங்கை என்றால் பழைய படம் வேணும்: கிராமப் படம், நகர அளவைப் படம், அல்லது ஒழுங்கை பிறந்த உபபிரிவுப் படம். அதை இப்போதைய அளவையின் மேல் பொருத்தி, அத்துமீறிய பகுதியைத் தனித் துண்டிலக்கம் போட்டு, பரப்பை எழுதி, அறிக்கையோடு தரச் சொல்லுங்கள். "ஒழுங்கை முந்தி மாட்டுவண்டி போகும் அகலம்" என்ற சாட்சியத்தை நம்பிப் போக வேண்டாம்.

எதிர்மனு எழுதியது:

நீதிமன்றம் எது என்பதையும் சொல்லிவிடுவோம். சபையின் அனுமதி மறுப்பை எதிர்த்து எழுத்தாணை (ரிட்) கேட்கிறவர் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்ட அதிகாரத்தை எதிர்க்கிறாரானால் மேன்முறையீட்டு நீதிமன்றம். சபை தன் சொந்தச் சட்டத்தின் கீழ் எடுத்த முடிவு என்றால், உள்ளூராட்சி மாகாண சபைப் பட்டியலில் இருப்பதால், 154பீ(4) உறுப்புரையின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரச காணி வெளியேறும் அறிவித்தலை மாகாண மேல் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சபைக்கு எதிரான சாதாரண வழக்குக்கு ஒரு மாத முன்னறிவித்தல் தேவை. அது வந்த திகதியைச் சபையில் முத்திரை குத்தி வைக்கச் சொல்லுங்கள்.

மொழியும் ஒன்று. கல்முனை, அக்கரைப்பற்றில் தமிழில் நடக்கும். அம்பாறை நகரில் சிங்களத்தில். தமிழ் அறிவித்தலையும் களக்குறிப்பையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து எடுத்துத்தான் இணைக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் ஆங்கிலச் சத்தியக் கடதாசியில் ஒப்பமிட்டால், வாசித்து விளக்கியதாகச் சமாதான நீதவான் எழுத வேண்டும். கிறிஸ்தவர் சத்தியம் செய்வார், இந்துவும் முஸ்லிமும் உறுதியுரைப்பார்கள். பழைய படிவத்தைப் பிரதி பண்ணும்போது அந்தச் சொல் மாறாமல் கிடக்கும். அதனால் மனு விழாது, ஆனால் ஆட்சேபத்துக்கு ஒரு தவணை போகும்.

மருதமுனை வரைஞர் எழுதியது:

தவிசாளர் போன் எடுத்து "அந்த ஆள் நம்மட ஆள், கொஞ்சம் பாருங்க" எண்டா?

கோட்டமுனை எழுதியது:

நீங்கள் வழக்குப் பேசுவது சபைக்காக, தவிசாளருக்காக அல்ல. வழக்கை மீளப்பெற வேண்டுமானால், கையளிக்கப்பட்ட அதிகாரம் உள்ள உத்தியோகத்தர் காரணத்தோடு எழுத்தில் அறிவுறுத்தல் தர வேண்டும், திட்டமிடல் குழுக் கூட்டக் குறிப்பிலும் வர வேண்டும். தொலைபேசியை நம்பி மீளப்பெற்றால் நாளைக்குக் கணக்காய்வு கேட்கும்போது உங்கள் பெயர் மட்டும்தான் பதிவில் இருக்கும். அதே சபை எல்லைக்குள் வரைபடம் போட்டிருக்கும் ஆளுக்கு உறுதி முடிப்பதையும் பட்டியலில் இருக்கும் வரை விட்டுவிடுங்கள்.

எழுவான்கரை எழுதியது:

கடைசிக் கேள்வி. அறிவித்தலில் ஒப்பமிட்ட செயலாளர் மாற்றலாகிப் போய்விட்டார், மனு இன்னும் போடவில்லை. புதிய அறிவித்தல் வேணுமா?

கோட்டமுனை எழுதியது:

கையளிப்பு பதவிக்கா பெயருக்கா என்று கடிதத்தைப் பாருங்கள். பதவிக்கு என்றால் பழைய அறிவித்தல் நிற்கும், புதியவர் பதவியேற்ற கடிதத்தை இணைத்து அவர் பெயரில் மனு போடலாம். பெயருக்கு என்றால் புதிய கையளிப்பு, புதிய அறிவித்தல், மறுபடி 14 நாள்.

படுவான்கரை எழுதியது:

அதோட புதுக் கள அறிக்கையும். பழைய அறிக்கையில "லின்டல் மட்டம்" (கதவு, யன்னலுக்கு மேல் வளை) எண்டு இருக்கும், இப்ப போய்ப் பார்த்தா கூரை போட்டுக் குடியும் பூந்திருப்பாங்க.